பத்து லட்சத்து ஒன்று

— செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க சேர். ஆனா அந்த அறைப் பக்கம் மட்டும் போக வாணாம். புள்ள இப்பத்தான் கண்ண மூடினா.

— ஸீனத் ரீச்சர், நான் இருந்து கதைக்க வரேல்லை. கீழ த்ரீவீல் நிக்குது. றஷ்மியை எழுப்புங்கோ, கூட்டிக்கொண்டு போறன்.

— அவ வர மாட்டாளாம்.

— பத்து வயசுப் பிள்ளை சொல்லுறதோ இங்க சட்டம்? நான் அவளின்ர தகப்பன்.

— தகப்பன்ண்டு எனக்கும் தெரியும். வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேன வரைக்கும் பஸ்ஸுல ஒங்கட மகள் என்ட மடியிலதான் சத்தி எடுத்தா. பம்பலப்பிட்டியில ஒருக்கா, கோட்டையில ஒருக்கா. விடியத்திலயிருந்து பச்சத் தண்ணி குடிக்காத வயிறு, மஞ்ச மஞ்சளாத்தான் வந்திச்சி. அந்தச் சாரி வாளியில ஊறுது. பாக்கிறீங்களா?

— என்ன கதை இது ரீச்சர். படியேறி வரேக்க இந்தச் சாக்கடைக் கானின்ர மணத்துக்கே மூக்கைப் பொத்தினனான். இந்த ஒழுங்கையில எப்பிடித்தான் இருக்கிறியளோ.

— கான் நாத்தம் மழ பேஞ்சா போயிரும் சேர். இண்டைக்குக் காலம அந்த மண்டபத்துல நாறின நாத்தம் எதால போகும்?

— சரி, உங்களுக்குக் கோவம். விளங்குது. நான் சொல்லுறதக் கொஞ்சம் கேளுங்கோ. பிள்ளை இல்லாமல் வீட்டு வாசலுக்கு வரவேண்டாமெண்டு என்ர மனிசி சுபோதினி சொல்லிப்போட்டாள். ஆசுப்பத்திரியில ட்யூட்டியில நிண்டவள், ஆரோ ஒரு நேர்ஸின்ர போனில மண்டபத்தில எடுத்த வீடியோவைப் பார்த்திருக்கிறாள். தாய் தவிச்சுக்கொண்டு நிக்கிறாள். நீங்களும் ஒரு தாய்தானே.

— தாய் தவிக்கிறது இப்பத்தான் ஒங்களுக்கு ஞாபகம் வந்திச்சா? இருங்க சேர், கதிரையில இருங்க. ஒண்டு கேக்கணும். மேடையில நிண்டு நீங்க ஏன் கண்ணாடியத் தொட்டுத் தொட்டு வெச்சீங்க?

— என்ன கண்ணாடி?

— மூக்குக் கண்ணாடி. நான் மேடைக்குப் பக்கத்துல, திரைக்குக் கிட்டத்தான் நிண்டேன். மொத நம்பரக் கேட்டதும் நீங்க கண்ணாடியத் தொட்டீங்க, புள்ள 'முதன்மை எண்'ண்டு சொன்னா. அடுத்த நம்பருக்கு டையப் புடிச்சீங்க, புள்ள 'சேர்த்தி எண்'ண்டு சொன்னா. மூணாவதுக்கும் டை. சனம் கை தட்டிக் கை தட்டி ஓஞ்சி போச்சி. எனக்கு அப்பவே விளங்கிட்டிச்சி.

— சும்மா கற்பனை பண்ணாதேங்கோ. வேர்வையில கண்ணாடி வழுக்கினது.

— அல்லாவே! என்ட மூஞ்சப் பாத்துக்கொண்டு பொய் சொல்ல வாணாம் சேர். ரெண்டு வருசமா ஒங்கட டியூட்டரியில விஞ்ஞானம் படிச்சுக் குடுக்கிறேன். கண் தெரியாதவ இல்ல.

— ...சரி. ஓம். தொட்டனான். அதுக்கென்ன இப்ப? ஒரு நிகழ்ச்சியெண்டா அதுக்கொரு ஒழுங்கு வேணும். பிள்ளை சின்னன், சனத்தைக் கண்டால் பயப்பிடும். கண்ணாடியத் தொட்டால் முதன்மை எண், அதாவது வேற ஒண்டாலயும் பிரிபடாதது. ரையைப் பிடிச்சால் சேர்த்தி எண், பிரிபடும். அவ்வளவுதான். சபையில இருந்து எண் கேட்கிற ஆக்களும் நான் சொல்லி வைச்ச ஆக்கள்தான். என்ன கேட்பினமெண்டு எனக்கு முதலே தெரியும். ஆருக்கு இதில என்ன நட்டம்?

— ஆருக்கு நட்டமா? உள்ள படுத்திரிக்கிற அந்தப் புள்ளைக்கு!

— அவளுக்கென்ன நட்டம்? இதுக்கு முதல் இரத்மலானையில பொன்னாடை போர்த்தினவை. கொலன்னாவையில பள்ளிக்கூடமே எழும்பி நிண்டு கை தட்டினது. நுகேகொடையில ஒரு மனிசி காலில விழாத குறை. என்ர பிள்ளைக்கும் இவளின்ர மூளை வரவேணுமெண்டு தலையத் தடவிப்போட்டுப் போனது.

— அதத்தான் சொல்றேன். கண்டவன் காணாதவன் எல்லாம் தலையத் தடவுற, கன்னத்தக் கிள்ளுற. காலி ரோட்டுல லைட் கம்பத்துக்குக் கம்பம் அவட மூஞ்சி. தலையில கிரீடம், ஒதட்டுல செகப்புச் சாயம். 'எண்களின் இளவரசி'. மழையில ஊறி, காக்காய் பேண்டு, பாதி கிழிஞ்சி தொங்குது. நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸுல அதத் தாண்டித்தான் வாறேன். பெத்த புள்ளைய எப்பிடி சேர் கம்பத்துல ஒட்டி வெக்க மனம் வந்திச்சி?

— அந்தப் போஸ்ரரைப் பார்த்துத்தான் உங்கட விஞ்ஞான வகுப்புக்கும் பிள்ளையள் வந்தவை. அதை மறந்திடாதேங்கோ.

— மறக்கல்ல. அதுதான் எனக்கு என்னையும் சேத்து அருவருக்குது.

— இஞ்ச பாருங்கோ, எல்லாம் அந்த மனிசனால வந்த வினை. லண்டனிலயிருந்து வந்த எஞ்சினியர், பிரதம விருந்தினரெண்டு மாலை போட்டு இருத்தினால், பேசாமல் இருந்து ரீயைக் குடிச்சிட்டுப் போகவேண்டியதுதானே? 'நானும் மகளிட்ட ஒரு எண் கேட்கலாமோ' எண்டு மைக்கை வாங்கிப்போட்டார். நான் என்னெண்டு மாட்டனெண்டு சொல்லுறது?

— பத்து லட்சத்து ஒண்டு.

— ஓம். ஒரு ஒண்டு, அஞ்சு சைபர், திரும்ப ஒரு ஒண்டு. முன்னுக்கிருந்து வாசிச்சாலும் பின்னுக்கிருந்து வாசிச்சாலும் அதேதான். எனக்கு அரை நிமிசம் கிடைச்சுதோ என்னவோ. ரெட்டை எண் இல்லை. அஞ்சாலயும் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் ரெண்டு, அப்ப மூண்டாலயும் போகாது. ஏழால பிரிச்சன், ரெண்டு மிச்சம். பதினொண்டால பிரிச்சன், ரெண்டு மிச்சம். பதின்மூண்டு, அதுக்கும் ரெண்டுதான் மிச்சம். அந்த எண்ணைப் பார்த்தாலே முதன்மை எண் மாதிரித்தான் கிடந்தது. கண்ணாடியத் தொட்டன்.

— மாதிரிக் கிடந்திச்சாம்! ஒரு கணக்கு சேர்ட வாயில வாற பேச்சா இது?

— அந்த இடத்தில நீங்கள் நிண்டிருந்தாத் தெரியும்.

— நான் அந்த இடத்துலதான் நிண்டேன் சேர், புள்ளைக்குப் பின்னுக்கு. அவ ஒங்களத் திரும்பிப் பாத்தா. சட்டையக் கையால சுருட்டிச் சுருட்டிப் புடிச்சா. பொறகு 'முதன்மை எண்'ண்டு சொன்னா. பின் வரிசையில ஒருத்தன் போனப் பாத்துட்டு 'நூத்தி ஒண்டால பிரியும்! இளவரசி பெயில்!'ண்டு கத்தினான். முழு மண்டபமும் சிரிச்சிச்சி. வடையத் தின்னுட்டு, எண்ணெய் பூசின வாயோட, ஒரு புள்ளையப் பாத்துச் சிரிச்சாங்க.

— சனமெண்டால் சிரிக்குந்தான்.

— சனத்த உடுங்க. அந்த நேரம் நீங்க மைக்க எடுத்து என்ன சொன்னீங்க? அதச் சொல்லுங்க, ஒங்க வாயாலயே கேக்கணும்.

— சபையைச் சமாளிக்கத்தானே வேணும்.

— என்ன சொன்னீங்க?

— 'மன்னிக்கவேணும், பிள்ளைக்குக் கொஞ்ச நாளாப் படிப்பில கவனமில்லை' எண்டன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— 'வீட்டில கார்ட்டூன் பார்த்துக்கொண்டு கிடந்தால் இப்பிடித்தான்'ண்டு சொல்லி அவட மண்டையில குட்டினீங்க. கையில மைக் இருந்திச்சி சேர். அந்தக் குட்டு டொக்குண்டு முழு மண்டபத்துக்கும் கேட்டிச்சி. சனம் அதுக்கும் சிரிச்சிச்சி.

— செல்லமாக் குட்டினது. பகிடிக்கு.

— சீ! பெரிய மனிசனா நீங்க? பிழையான விடையக் காட்டினது நீங்க. குட்டு வாங்கினது அவ.

— சத்தம் போடாதேங்கோ, அக்கம்பக்கம் கேட்கும். ...மல்லி! பொட்டக் இன்ன! கொஞ்சம் பொறு, வாறன்! பாருங்கோ, த்ரீவீல்காரன் ஹோர்ன் அடிக்கிறான். நடந்தது நடந்துபோச்சு ரீச்சர். இப்ப செய்யவேண்டியதைப் பார்ப்பம். எனக்கு உங்கட உதவியொண்டு வேணும்.

— என்ன உதவி?

— பேஸ்புக் முழுக்க அந்த வீடியோதான் ஓடுது. நாளைக்குக் காலமை தாய் தகப்பன்மார் எல்லாரும் ரியூற்றறி வாசலில நிப்பினம். நாங்கள் இண்டைக்கே ஒரு சின்ன வீடியோ போடவேணும். றஷ்மி கட்டிலில படுத்திருக்கிறாள், நெத்தியில ஈரத்துணி. 'எனக்குக் கடும் காய்ச்சல், அப்பா வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல நான்தான் மேடையில ஏறினனான்' எண்டு சொல்லுறாள். நீங்கள் பக்கத்தில இருந்து 'ஓம், நான்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தனான், உடம்பு நெருப்பாக் கொதிச்சது' எண்டு ரெண்டு வசனம். உங்கட வாயால வந்தால் சனம் நம்பும்.

— அந்தக் கிளாஸ வைங்க.

— என்ன?

— கையில இரிக்கிற தண்ணிக் கிளாஸ மேசையில வைங்க சேர். ஒங்களுக்குத் தண்ணி ஊத்தித் தந்த என்ட கையக் கழுவணும் போல இரிக்கி.

— நீர் அளவுக்கு மிஞ்சிக் கதைக்கிறீர் ஸீனத்.

— இப்ப 'நீர்' ஆகிட்டேனா? நல்லது. புள்ளைய மேடையில வெச்சிக் குட்டினது போதாதுண்டு இப்பக் கட்டில்ல வெச்சிப் படம் புடிக்கவா வந்தீங்க? அவ சாப்பிட்டாளா, தலை நோகுதாண்டு வாசப்படியில நிண்டு ஒரு வார்த்த கேட்டீங்களா?

— உமக்கு என்ன தெரியும்? என்ர பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதோ? அவள் சாதாரணப் பிள்ளை. மூளையெண்டு சொல்லுறதுக்குப் பெரிசா ஒண்டுமில்லை. வகுப்பில எழும்பி நிண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டாள். இந்த வெள்ளவத்தையில மூண்டு வீட்டுக்கொரு ரியூற்றறி. எல்லாற்ற பிள்ளையளும் ஏதாவது ஒண்டில முதலாவது. என்ர பிள்ளையை ஆர் திரும்பிப் பார்ப்பினம்? நான் அவளுக்கு ஒரு பேர் உண்டாக்கிக் குடுத்தனான்.

— சாதாரணப் புள்ளைய சாதாரணமா இரிக்க உட்டா என்ன? பேர் உண்டாக்கினது அவளுக்கில்ல, ஒங்கட போர்டுக்கு.

— நீர் என்ர ரியூற்றறியில வேலை செய்யிறீர் எண்டதை ஞாபகத்தில வைச்சுக் கதையும்.

— செஞ்சேன். இண்டையோட சரி. நாளைக்கு அந்தப் படி ஏறினா எனக்கும் சத்திதான் வரும். இன்னொண்டும் கேட்டுக்கோங்க. ஒங்க வைஃபுக்கு நான் கோல் பண்ணிட்டேன். கண்ணாடி, டை எல்லாத்தையும் சொல்லிட்டேன். ட்யூட்டி முடிஞ்சி நேரா இங்கதான் வாறா. புள்ள போறதெண்டா உம்மாவோட போவா.

— சுபோதினிக்கோ? சுபோதினிக்கு ஏன் சொன்னீர்? அவள் ஒண்டும் தெரியாமல்...

— அதுக்குத்தான் சொன்னேன்.

— ஐயோ, நீர் என்ர குடும்பத்தையே...

— அப்பா.

— றஷ்மி! எழும்பிட்டியோ? வா பிள்ளை, வா. செருப்பைப் போடு, அப்பாவோட போவம்.

— எனக்குக் காய்ச்சல் இல்லை அப்பா.

— கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டோ இருந்தனி?

— மகள், வா, என்ட பக்கத்துல வந்து இரு. பயப்பிட வாணாம். தேத்தண்ணி ஊத்தவா?

— வேண்டாம் ரீச்சர். அப்பா, பத்து லட்சத்து ஒண்டு நூற்றொண்டால பிரிபடும். நூற்றொண்டை ஒம்பதாயிரத்துத் தொளாயிரத்து ஒண்டால பெருக்கினா அதுதான் வரும்.

— அதை இப்ப ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்குது. ஆர் உனக்குச் சொன்னது, ரீச்சரோ?

— ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த மாமா கேட்ட உடனயே எனக்குத் தெரியும்.

— உனக்கோ? என்னெண்டு?

— ரெண்டு, ரெண்டு, ரெண்டெண்டு மூண்டு தரம் பெருக்கினா எட்டு. அதில ஒண்டு கூட்டினா ஒம்பது. அதை மூண்டு பிரிக்கும். மூண்டை மூண்டு தரம் பெருக்கினா இருவத்தேழு, ஒண்டு கூட்டினா இருவத்தெட்டு. அதை நாலு பிரிக்கும். நாலுக்கு அறுவத்தஞ்சு வரும், அஞ்சு பிரிக்கும். எப்பவும் அந்த எண்ணுக்கு அடுத்த எண் பிரிக்கும். நூறை மூண்டு தரம் பெருக்கினா பத்து லட்சம், ஒண்டு கூட்டினா அந்த மாமாவின்ர எண். அப்ப நூற்றொண்டு பிரிக்கத்தானே வேணும்?

— அல்லாவே.

— அப்பா ஏழு, பதினொண்டு, பதின்மூண்டு பார்த்தனீங்களாம். எல்லாத்துக்கும் ரெண்டுதான் மிஞ்சும். ஏனெண்டா அதுக்கு ரெண்டு குறைஞ்சது வரிசையா ஆறு ஒம்பது. ஆறு ஒம்பதை அதுகள் எல்லாம் பிரிக்கும். அந்த எண் நல்ல வடிவு. நான் அதைப் பார்த்துக்கொண்டே நிண்டனான்.

— பொறு. பொறு பிள்ளை. எண்ணாயிரத்து ஐம்பத்தொண்டு? கெதியாச் சொல்லு.

— சேர், புள்ளைய உடுங்க.

— பொறுமன் ரீச்சர்! சொல்லு றஷ்மி. எண்ணாயிரத்து ஐம்பத்தொண்டு.

— எண்பத்துமூண்டும் தொண்ணூற்றேழும். தொண்ணூறைத் தொண்ணூறால பெருக்கினா எண்ணாயிரத்து நூறு. அதில ஏழேழு நாப்பத்தொம்பது குறையுது. அப்ப தொண்ணூறில ஏழு கழிச்சதும், ஏழு கூட்டினதும்.

— என்ர ஐயோ! சரி! போனில பாருங்கோ ரீச்சர், சரியா வருது! என்ர பிள்ளைக்கு உண்மையா வருது! வீடியோவும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். அடுத்த மாசம் அதே மண்டபம். அந்த எஞ்சினியரையே கூப்பிட்டு முன்னுக்கு இருத்துறன். எந்த எண்ணெண்டாலும் கேளுங்கோ எண்டு சொல்லுறன். புதுப் போஸ்ரர் அடிச்சு...

— வாய மூடுங்க சேர்! என்ன பிறவி நீங்க? கொஞ்சம் முந்தி இவளுக்கு மூளையே இல்லையெண்டீங்க. இப்ப அந்த வாயாலயே ஏலம் போடுறீங்க. புள்ள நிக்கிற நிலையப் பாருங்க.

— சந்தோசத்தில சொல்லுறன் ரீச்சர். தகப்பனுக்குச் சந்தோசம் வரக்கூடாதோ? நான் கேட்கிறன், உனக்கு இது தெரியுமெண்டு ஏன் பிள்ளை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?

— நீங்கள் கேட்கேல்லை.

— மகள், இங்க பாரு. என்னப் பாத்துச் சொல்லு. ஒனக்கு நூத்தியொண்டுண்டு தெரியும். பொறகு ஏன் மேடையில மாத்திச் சொன்னாய்?

— அந்த மாமா என்னைப் பார்க்கேல்லை ரீச்சர். எண்ணைக் கேட்டுப்போட்டு அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தவர். அவர் பார்க்கிறாரெண்டு நானும் திரும்பிப் பார்த்தனான். அப்பா கண்ணாடியத் தொட்டவர். மாமா அதைக் கண்டிட்டுச் சிரிச்சவர்.

— அதுக்கு?

— நான் நூற்றொண்டு எண்டு சொன்னா, அப்பாக்குத் தெரியாதெண்டு அவருக்கு விளங்கியிடும். எல்லாரும் அப்பாவைச் சிரிப்பினம். நான் பிழையாச் சொன்னா என்னைத்தானே சிரிப்பினம்.

— கேட்டீங்களா சேர்? காதுல உழுந்திச்சா? இப்ப ஏன் குனிஞ்சிக்கொண்டு இரிக்கிறீங்க?

— றஷ்மி... அப்ப... அப்ப மற்ற இடங்களில? இரத்மலானையில, கொலன்னாவையில? அங்கயெல்லாம் என்ர கண்ணாடியையும் ரையையும் பார்த்துத்தானே சொன்னனி?

— இல்லை அப்பா. அங்கயெல்லாம் நான் உங்களைப் பார்க்கவே இல்லை, நானே பிரிச்சுப் பார்த்துத்தான் சொன்னனான். இண்டைக்கு அந்த ஒரு எண்ணுக்கு மட்டுந்தான் நீங்கள் சொன்னதைச் சொன்னனான்.